வாசலில் நிற்கிற இரண்டு பேர்

போலீஸ் ஜீப்பின் பின் சீட்டில் போகிறவர்களில், போலீஸும் இல்லாமல் பிடிபட்டவரும் இல்லாமல் ஒரு ஆள் உண்டென்றால் அது நான்தான். என் வேலைக்குப் பேர் மனநல சமூகப் பணியாளர். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவர்களின் கவனம் வேறெங்கோ போய்விடும். அதனால் எங்கள் ஏட்டு குணசேகரன் எல்லா வீட்டிலும் என்னை "டாக்டரம்மா கூட இருக்கிறவங்க" என்று அறிமுகப்படுத்துகிறார். எந்த டாக்டரம்மா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் எங்கள் எல்லை. ஒரு வீட்டில் யாருக்காவது மனசு நிலை தவறி, வீட்டார் பயந்துபோய் போலீஸைக் கூப்பிட்டால், ஏட்டோடு நானும் போக வேண்டும். வந்திருப்பது கைது செய்ய இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் என்று எல்லோருக்கும் புரிய வைப்பது என் பொறுப்பு. அந்த எல்லோரிலும் போலீஸும் அடக்கம்.

வீட்டில் ஒருத்தர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க, போலீஸைக் கூப்பிட்டால் மானம் போகும், கூப்பிடாவிட்டால் ஆளே போய்விடுவார் என்று போனும் கையுமாக நீங்கள் நின்றதுண்டா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஜீப்பில் போன மருமகள்

நான் குடியிருப்பது தண்டையார்பேட்டையில். வேலையில் சேர்ந்த முதல் நாள், ஏட்டு மரியாதை என்று நினைத்து ஜீப்பை என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். பின் கதவைத் திறந்து பிடித்தார். நான் ஏறுகிறவரை பக்கத்திலேயே விறைப்பாக நின்றார். பிறகு கதவை அறைந்து சாத்தினார். பழக்கதோஷம். தெரு மொத்தமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நான் திரும்புவதற்குள் என் மாமியாரிடம் ஆறுதல் சொல்ல நாலைந்து பேர் வந்துபோய்விட்டார்கள். மாமியாரும் விவரம் தெரியாமல் எல்லோருக்கும் காபி கொடுத்திருக்கிறார். எதிர் வீட்டு சரோஜா அக்கா என்னைக் கண்டதும் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனசு. "இன்னா கேஸோ, கெடக்குது வுடு. ஒரே நாள்ல ஜாமீன் கெடச்சுதே, அத்த நெனச்சிக்க" என்றார்.

ஒரு வாசல், இரண்டு பயிற்சி

எனக்கு அந்த வண்டியில் ஏறியது சிரிப்பாகப் போயிற்று. சேவியருக்கு அப்படிப் போகவில்லை.

சேவியர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர். கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்கள் ஆடாமல் இருக்கக் கம்பி போட்டு இறுக்குவது அவர் வேலை. கல்மண்டபத்துச் சந்து ஒன்றில், முதல் மாடியில் ஒற்றை அறை வீடு. அவரும் அக்கா எமல்டாவும்தான். எமல்டாவுக்குத் துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. சேவியருக்கு யாரோ பேசுகிற குரல்கள் காதில் கேட்கும். மாத்திரை சாப்பிட்டால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். இந்த முறை விட்டுவிட்டார். சோற்றில் விஷம் இருக்கிறது என்று குரல்கள் சொல்ல, தானே உரிக்கிற வாழைப்பழத்தையும் தானே பிடிக்கிற குழாய்த் தண்ணீரையும் தவிர எதையும் தொடுவதில்லை.

எமல்டா எங்களைச் சந்து முனையிலேயே மறித்துக்கொண்டார். இதற்கு முந்தைய தடவை நடந்ததைச் சொன்னார். வேறு போலீஸ்காரர்கள் வந்து, ஜீப்பிலிருந்த கயிற்றை எடுத்துத் தம்பியின் கையைப் பின்னால் கட்டி, மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனம் திரும்புகிற நேரமாகப் பார்த்துத் தெருவில் நடத்திப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நன்றாகக் குணமாகித்தான் திரும்பினார். ஆனால் அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதில்லை. அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் குறைந்துவிட்டது, போன் போட்டது அக்கா அல்லவா. "இன்னொரு தபா கட்டுனா கடல்ல பூடுவேன்னு சொல்லிக்கினுகீறான் மேடம். சொன்னா செய்யிற ஆளு. இட்டுகினு போங்க, நான் வாணான்னு சொல்லல. கயிறு மட்டும் வாணாம்" என்று எமல்டா கெஞ்சினார்.

சரி என்று மாடியேறினோம். இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். போலீஸ் பயிற்சியில், ஒரு வீட்டுக்குள் போனதும் வாசலை மறித்து நில் என்று சொல்லித்தருகிறார்கள், உள்ளே இருக்கிற ஆள் தப்பிக்கக் கூடாது. எங்கள் பயிற்சியிலும் வாசல் பக்கம் நில் என்றுதான் சொல்லித்தருகிறார்கள், ஆபத்து என்றால் நாம் தப்பிக்க வேண்டும். விளைவு, ஏட்டும் நானும் ஒரே சமயத்தில் ஒரே வாசலுக்குப் போய் தோளோடு தோள் இடித்துக்கொண்டோம். ஏட்டு வியாசர்பாடிக்காரர், வாலிபத்தில் பாக்சிங் போட்டவர். அவர் நகரவில்லை. நானும் நகரவில்லை. அங்கே நின்றபடியே, "வாங்க சேவியர், பயப்படாதீங்க, வெளிய வாங்க" என்று நான் என் தொழில்முறைக் குரலில் இதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சேவியர் அடுப்பு மேடையோரம் ஒடுங்கி நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் வாசல்லயே நின்னுகினு வெளிய வா, வெளிய வான்னா எப்டிமா வர்றது?"

இரண்டு தட்டு

அன்று எங்களால் முடியவில்லை. சேவியர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் கேட்டேன். தண்ணீர் உள்ளே போகிறவரை பேசிப் பார்க்கலாம், தண்ணீரும் நின்றுவிட்டால் எப்படியாவது கூட்டி வந்தே ஆக வேண்டும் என்றார். எப்படியாவது என்றால் எப்படி என்பது எனக்கும் தெரியும், எமல்டாவுக்கும் தெரியும். தம்பி தண்ணீர் குடித்தானா என்று தினமும் காலையில் போன் செய்து சொல்வதாகச் சொன்னார்.

அந்த வாரமே எங்கள் தண்டையார்பேட்டையில் இன்னொரு வீடு. ரயில்வேயில் ரிட்டயர் ஆன அப்பா. படுக்கையை விட்டு எழுந்திருக்காத, குளிக்காத, பேசாத மகன். "சும்மா ரெண்டு தட்டு தட்டுங்க சார், போலீஸ்னா பயப்புடுவான்" என்று அப்பா கேட்டார். நீங்கள் திகைக்க வேண்டாம், பாதி வீடுகளில் இதைத்தான் கேட்கிறார்கள். பாசம் இல்லாமல் இல்லை. திட்டிப் பார்த்து, மந்திரித்துப் பார்த்து, கடைசியாக மிச்சம் இருப்பது நாங்கள்தான். ஆஸ்பத்திரி என்று நான் வாயெடுத்ததும், "கீழ்ப்பாக்கம்னு பேரு வந்துடும்மா" என்று பதறினார். மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதற்காக, நல்லபடியாக ஜனங்கள் குடியிருக்கிற ஒரு பேட்டையின் பேரை நாம் எல்லோரும் சேர்ந்து வசவாக்கி வைத்திருக்கிறோம்.

கடைசியில் மகன் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார், அப்பாவும் கூடவே வந்தார். அப்பாவை மனம் மாற்றியது என் அரை மணி நேரப் பேச்சு இல்லை. பேச்சுக்கு நடுவே பெரியவர் தன்னுடைய சர்க்கரை மாத்திரையைப் பிரித்து வாயில் போடப் போனார். ஏட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நைனா, அத்த கீழ வையி. ஒனக்கும் ரெண்டு தட்டு தட்டறேன், சுகரு எறங்குதா பாப்போம்."

எண்ணூர் கருங்கல்

அடுத்த அழைப்பு எண்ணூர் பக்கம். அலை ஏறாமல் இருக்கக் கடலோரம் முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறதே, அந்தக் கல்லில் ஒரு அம்மா மத்தியானத்திலிருந்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என்ன கஷ்டம் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை, அது அவருடையது. கஷ்டம் நிஜமானது, கல்லில் உட்கார வைக்கிற அளவுக்குப் பெரியது.

நான் ரோட்டோரம் நின்று, படித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை. ஏட்டு ஷூவைக் கழற்றிவிட்டுக் கல் கல்லாக இறங்கினார். அந்த அம்மாவுக்கும் ரோட்டுக்கும் நடுவே நிற்காமல், அவரையும் தாண்டி, கீழே ஒரு கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார். கடலைப் பார்த்தார். முட்டி வலி என்றார். மழை இல்லை என்றார். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மா மேலே ஏற நினைத்தால் ஏறலாம், வழியில் யாரும் இல்லை.

பொழுது சாய்கிற நேரம். ஏட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. முட்டி உண்மையாகவே பிடித்துக்கொண்டது. ஒரு கால் மேல் கல்லிலும் ஒரு கால் கீழ்க் கல்லிலுமாக அவர் தவிக்க, அந்த அம்மா கையைக் கொடுத்தார். நான் இறங்கி மறு கையைப் பிடித்தேன். ஏட்டை மேலே கொண்டுவந்து சேர்க்கும்போது மூன்று பேரும் ரோட்டில் இருந்தோம். நான் அந்த அம்மாவை விசாரிக்க வாயெடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மொதல்ல இவர டாக்டராண்ட காட்டும்மா. அப்பால என்ன இன்னான்னு கேளு."

இரண்டு பேரையுமே காட்டினேன்.

யார் பதில் சொல்வது

மறுநாள் காலையில் எமல்டாவின் போன். குழாய்க்குள்ளும் விஷம் கலந்துவிட்டார்கள் என்று சேவியர் தண்ணீரையும் நிறுத்திவிட்டார். எமல்டா அழவில்லை. "இன்னிக்கு வந்துடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதைக் கேட்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றோம். எங்கள் இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர். இன்று எப்படியாவது கூட்டி வந்துவிடுங்கள் என்றார். நான் என் யோசனையைச் சொன்னேன். வாசலை மறிக்காமல் நாங்கள் இருவரும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறோம், கதவைத் திறந்தே வைக்கிறோம், வருவதா வேண்டாமா என்று சேவியரே முடிவு செய்யட்டும். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "அந்த முனையில டிரெய்லர் லாரி எப்படிப் போகுதுன்னு பார்த்திருக்கீங்கல்ல மேடம்? கதவத் தொறந்து வெச்சு, அவன் ஓடி, லாரியில விழுந்தா? இல்ல நேரா கடலுக்கே போயிட்டா? யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்ன லாரிகள் என் கண் முன்னால் ஓடின. யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற ஏட்டு தொண்டையைச் செருமினார். "அவன் அன்னிக்கு வாசல வெச்சி ஒரு கேள்வி கேட்டான் சார். அதுக்கே நாங்க இன்னும் பதில் சொல்லல."

திறந்திருந்த கதவு

இன்ஸ்பெக்டர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். சந்து முனை டீக்கடையில் மஃப்டியில் இரண்டு கான்ஸ்டபிள்கள் நிற்பார்கள், சேவியர் மெயின் ரோட்டில் கால் வைத்தால் பிடித்துவிடுவார்கள். ஜீப்பும் அங்கேயே நிற்கும்.

மாடியேறினோம். கதவு திறந்துதான் இருந்தது. தரையில் உட்கார்ந்திருந்த சேவியரைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு, இருவரும் அவரைக் கடந்து நேராக எதிர்ச் சுவருக்குப் போனோம். நான் மாதா படத்துக்குக் கீழே அரிசி டிரம் மேல் உட்கார்ந்தேன். ஏட்டு தொப்பியைக் கழற்றி டிவி மேல் வைத்துவிட்டு, கேஸ் சிலிண்டர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். இப்போது வாசலுக்கு அருகில் இருந்தது சேவியர். வாசலுக்கும் எனக்கும் நடுவில், எனக்குத் தெரியாத ஒரு மனிதர். இத்தனை வருஷ வேலையில் நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை. பயந்தேன். சொல்வதற்கென்ன வெட்கம்.

சேவியரின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "தண்ணி குடிக்காம இருந்தா உங்க உயிருக்கு ஆபத்து. ஆஸ்பத்திரிக்குப் போகணும். யாரும் உங்களக் கட்ட மாட்டாங்க. கதவு தொறந்திருக்கு, நாங்க மறிக்க மாட்டோம்" என்றேன். அவர் கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். படியில் செருப்பில்லாத கால் இறங்குகிற சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

எமல்டா "மாதாவே" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஏட்டு பாதி எழுந்துவிட்டார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் எழுந்தால் நானும் எழுந்துவிடுவேன், இரண்டு பேரும் பழையபடி வாசலில் போய் நிற்போம். வெளியே லாரி ஹாரன் விடாமல் அடித்தது. ஏட்டின் போன் அதிர்ந்தது. டீக்கடையிலிருந்து. "வண்டியாண்ட வர்றான் சார், புடிக்கட்டா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. "தொடாத" என்றார் ஏட்டு.

எமல்டா ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார், நடுவிலேயே முதல் வரிக்குத் திரும்பித் திரும்பிப் போனார். பிறகு படியில் காலடி. சேவியர் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை, அக்காவைப் பார்த்து மட்டும் பேசினார். "வண்டில கயிறு இல்லக்கா. சீட்டுக்கு அடியிலயும் பாத்துட்டேன். வா, போலாம்."

கயிறு போன இடம்

ஜீப்பில் சேவியர் கதவோரமாக உட்கார்ந்துகொண்டார். எமல்டா பக்கத்தில். தெருவில் சிலர் பார்த்தார்கள். கட்டாத ஆளைப் பார்க்க என்ன இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேவியருக்கு டிரிப் ஏற்றினார்கள். கையை அசைக்காமல் நீட்டி வைத்திருந்தார். எமல்டா வார்டுக்கு வெளியே என் தோளில் சாய்ந்து அப்போதுதான் அழுதார்.

திரும்பி வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. எந்த போலீஸ் ஜீப்பிலும் சீட்டுக்கு அடியில் ஒரு கயிறு கட்டாயம் இருக்கும். ரிப்பேரான வண்டியைக் கட்டி இழுக்க, கூட்டத்தை மறிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் ஜீப்பிலும் நான் பார்த்திருக்கிறேன். சேவியர் தேடியபோது அது எங்கே போனது? ஏட்டைக் கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார். அந்த நிமிஷம் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. "மொத நாளு நாம போனப்ப வண்டிலதான் இருந்துச்சு மேடம். அவன் பயந்ததுல தப்பே இல்ல. அன்னிக்கி சாயங்காலமே எடுத்து ஸ்டேஷன் மொட்ட மாடில கொடியா கட்டிட்டேன். ரைட்டர் லுங்கி காஞ்சிக்கினுகீது."

ஸ்டேஷன் வாசல்

சில மாதங்கள் ஓடின. சேவியர் திரும்பவும் துறைமுக வேலைக்குப் போனார். கோயிலுக்கும் போகிறாராம், பின்வரிசையில் கதவோரமாக நிற்கிறாராம், எமல்டா சொன்னார். பிறகு ஒரு நாள் காலையில் அவரே ஸ்டேஷனுக்கு வந்து நின்றார். யாரும் கூட்டி வரவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. கண் சிவந்திருந்தது. "தூக்கம் இல்லமா. காதாண்ட லேசா ஆரம்பிக்குது. முத்தறதுக்குள்ள சொல்லிடலாம்னு வந்தேன்" என்றார்.

தானாகவே ஒரு ஆள் இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்து உதவி கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். ஏட்டு அவசரமாக உள்ளே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சேவியர் அதைத் தூக்கிக்கொண்டு போய் சரியாக வாசல் நடுவில் போட்டு உட்கார்ந்தார். டிபன் வாங்கிக்கொண்டு வந்த ரைட்டர் உள்ளே நுழைய வழியில்லாமல் வெளியே நின்றார். யாரும் சேவியரை எழுப்பவில்லை. அவர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். நான் பார்த்த அவருடைய முதல் சிரிப்பு அதுதான். "நீங்க ரெண்டு பேரும் உள்ள குந்துங்க. இன்னிக்கி வாசல் என்னுது. இப்ப கேளுங்க, சொல்றேன்."

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஏட்டும் நானும் நேராக உள்ளே போய் எதிர்ச் சுவரோரம்தான் உட்காருகிறோம் என்று எழுதி முடிக்க ஆசைதான், ஆனால் நேற்றுகூட ஒரு வாசலில் இரண்டு பேரும் இடித்துக்கொண்டோம்.